அஞ்சுல தோஷம், எட்டுல இல்ல

மடியில என்னன்னுதான பாக்குறீக? வெடிகுண்டு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பயப்படாம உக்காருங்க. கம்ப்யூட்டரு. பழசு. பெட்ஷீட்டப் போட்டுச் சுத்தியிருக்கிறதுனால பாக்க ஒரு மாதிரியா இருக்கு. பஸ்ஸுக்கு மேல போடச் சொன்னாரு கண்டக்டரு. மேல போட்டா, போற வழியில குலுங்குற குலுக்கல்ல உள்ள இருக்கிற நவக்கிரகமும் இடம் மாறிப் போகும்யான்னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போயிட்டாரு.

மதுரைக்குப் போறேன். இதுக்குள்ள ஒரு வேலை செய்யணும். அவசரமான வேலை. இன்னைக்கே செய்யணும், ஏன்னா இன்னைக்கு எம் மகளுக்குக் கல்யாணம்.

பாத்தீகளா, நீங்களும் அப்படித்தான் முழிக்கிறீக. ஆமா, எம் மகளுக்குத்தான். ஒரே மக. கல்யாணம் எங்கன்னா கேக்குறீக? நாம இப்ப ஏறுனமே, அதே கோவில்பட்டியிலதான். முகூர்த்தம் பத்து மணிக்குள்ள. நான் மதுரைக்குப் போறேன். எறங்கி ஓடுங்கன்னு சொல்லத்தான வாயத் தொறக்குறீக? சொல்லுங்க, ஊரே சொல்லியாச்சு. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. கேட்டா நீங்களே, நயினாரு, நீரு போறதுதான்யா நியாயம்னு சொல்லுவீக.

எம் பேரு சங்கரநயினாரு. நயினார் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்னு கோவில்பட்டியில யாரக் கேட்டாலும் கையக் காட்டுவாக. ஊருல முதமுதல்ல கம்ப்யூட்டர்ல ஜாதகம் கணிச்சவன் நான்தான். அப்பல்லாம் பெட்டியப் பாக்கவே கூட்டம் வரும். ஜாதகம் வேண்டாம், சும்மா பாத்துட்டுப் போறோம்னு வருவாக. இப்ப எல்லாரும் செல்போன்ல பாத்துக்கிடுதாக. செல்போன்ல ஒரு சத்தம் உண்டா? எங்கிட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரு. கர்ருபுர்ருன்னு ஒரு கத்து கத்தித்தான் ஒரு பேப்பரக் குடுக்கும். அந்தச் சத்தத்துக்கே ஆளுக கன்னத்துல போட்டுக்கிடுவாக.

இந்தப் பெட்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. உள்ள ரெண்டு விண்டோஸ் இருக்கு. ஒண்ணு தொண்ணூத்தஞ்சு, ஒண்ணு தொண்ணூத்தெட்டு. நான் அஞ்சு, எட்டும்பேன். ஏன் ரெண்டுன்னு கேளுங்க. பஞ்சாங்கத்துல ரெண்டு வகை இருக்குல்லா, வாக்கியம், திருக்கணிதம். வாக்கியம்னா பழைய முறை, பெரியவுக சொல்லி வெச்ச கணக்கு. திருக்கணிதம்னா வானத்துல இன்னைக்குக் கிரகம் நிக்கிற இடத்தப் பாத்துப் போடுற கணக்கு. வாக்கியம் போடுற புரோகிராம் அஞ்சுலதான் ஓடும். திருக்கணிதம் போடுற புரோகிராம் எட்டுலதான் ஓடும். அதுல இது ஓடாது, இதுல அது ஓடாது. ரெண்டு சம்பந்தகாரங்க மாதிரி, ஒரே பந்தியில உக்கார வைக்க முடியாது.

அப்ப டிவி ரிப்பேரு பாக்குற தங்கப்பழம்னு ஒருத்தன், அவன்தான் வழி சொன்னான். ரெண்டு ஹார்ட் டிஸ்க்க மாட்டி, வீட்டுல லைட்டுக்குப் போடுவோம்ல சுவிட்சு, அந்தச் சுவிட்சு ஒண்ண எடுத்து பெட்டி முகத்துல ஓட்டை போட்டு முடுக்கி விட்டுட்டான். மேல தட்டுனா அஞ்சுக்குக் கரண்டு போகும். கீழ தட்டுனா எட்டுக்குப் போகும். அவ்வளவுதான். ஓடிக்கிட்டு இருக்கும்போது தட்டக் கூடாது. அணைச்சுட்டுத் தட்டணும், தட்டிட்டுப் போடணும். அது எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஒரு காபி குடிச்சுட்டு வந்துரலாம்.

இப்ப ரெண்டு கணக்குக்கும் கிரகம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிக்கும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு கிரகம் வீட்டு வாசப்படியில நிக்குதுன்னு வைங்க, அஞ்சுல பாத்தா இந்த வீட்டுல இருக்கும், எட்டுல பாத்தா அந்த வீட்டுல இருக்கும். செவ்வாய் ஏழுல இருந்தா தோஷம். ஆறுல இருந்தா தோஷம் இல்ல. ஒரு சுவிட்சுதான் வித்தியாசம்.

ஏமாத்துன்னு சொல்லிப்புடாதீக அண்ணாச்சி, கோவம் வந்துரும். ஏமாத்துன்னா இல்லாதத எழுதுறது. நான் என்னைக்காவது ஒரு எழுத்து கைப்பட எழுதியிருக்கேனா? எல்லாம் பெட்டி சொன்னது. நான் சுவிட்சத்தான் தட்டினேன்.

வர்றவுக பஞ்சாங்கம் கேட்டா வர்றாக? மனசுல ஒண்ண நெனைச்சுக்கிட்டு வர்றாக. நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். எடம் பிடிச்சிருக்கான்னு கேப்பேன். "ரொம்பப் பிடிச்சிருக்கு, ஜாதகம்தான் சேரணும்"னு படபடன்னு சொன்னா, அவுகளுக்குச் சேரணும். "நல்ல எடந்தான்..."னு ஒரு இழுவை இழுத்தாகன்னா, சேரக் கூடாது. மூஞ்சியப் பாத்தே எந்தப் பக்கம் தட்டணும்னு கைக்குத் தெரிஞ்சு போகும்.

நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல புரோட்டாக் கடை வெச்சிருக்காரே கொம்பையா, அவரு ஒரு நாள் வந்தாரு. கூடப்பிறந்த அக்கா, எம் மகனுக்குத்தான் உம் பொண்ணுன்னு வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டா. முறை இருக்குல்லா, மறுக்க முடியுமா? மறுத்தா அக்கா செத்த வீட்டுக்குக்கூட வர மாட்டா. அந்தப் பய ஒரு வேலைக்கும் போறதில்ல, எந்நேரமும் கேரம்போர்டு கிளப்பு. கொம்பையா எங் கடைச் சேர்ல உக்காந்து, "நல்ல எடந்தான் நயினாரே, எங்க அக்கா வீடு"ன்னாரு. கண்ணு கலங்கியிருச்சு. எட்டுல போட்டேன், சேந்துருச்சு. அவரு மூஞ்சி செத்துருச்சு. கொஞ்சம் இருங்கன்னு அணைச்சுட்டு மேல தட்டினேன். அஞ்சுல சேரல. கர்ருபுர்ருன்னு அடிச்சுக் குடுத்தேன். அக்கா வாங்கிப் பாத்துட்டு, "சாமி விடலியே தம்பி"ன்னு அழுதுட்டு, வேற எடத்துல பொண்ணு எடுத்தாக. இன்னைக்கும் அக்கா தம்பி பேச்சுவார்த்தை இருக்கு. ஒரு குடும்பம் பிரியாமப் பாத்துக்கிட்டது யாரு? நானும் இந்தப் பெட்டியும்.

ஜாதகம் சேரலன்னு சொன்னா யாருக்கும் வலிக்காது அண்ணாச்சி. பொண்ணு கறுப்புன்னு சொல்ல முடியுமா? உங்க வீட்டுல டாய்லெட் சரியில்லன்னு சொல்ல முடியுமா? ஜாதகம் சேரலன்னா முடிஞ்சு போச்சு. காபியக் குடிச்சுட்டுச் சிரிச்ச முகத்தோட எந்திரிச்சு வந்துரலாம். நம்ம ஆளுக மாதிரி நாகரிகமா வேண்டாம்னு சொல்ல வேற எந்த நாட்டுக்காரனுக்குத் தெரியும்?

எம் மக விஷயத்துக்கு வாறேன். பேரு செண்பகவல்லி. ஆஸ்பத்திரியில லேப்ல இருக்கா. ரத்தம், சுகரு எல்லாம் பாத்து ரிப்போர்ட்டு குடுக்குறவ. கெட்டிக்காரி. ஜாதகத்துல அவளுக்குச் செவ்வாய் வாசப்படியில நிக்குது. அஞ்சுல தோஷம், எட்டுல இல்ல. தகப்பன் எதுல எடுப்பான்? எட்டுலதான் எடுப்பேன். எட்டுல எடுத்த ஜாதகத்தத்தான் தரகர் குற்றாலத்துக்கிட்ட குடுத்து வெச்சிருந்தேன். நல்ல நல்ல எடமா வந்துக்கிட்டு இருந்துச்சு.

அப்பத்தான் ஒருத்தன் கடைக்கு வந்தான். அதே ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குறவனாம். வேல்மயிலுன்னு பேரு. வந்து, சார், நான் செண்பகாவக் கல்யாணம் பண்ணிக்கிடணும், நீங்க சம்மதிக்கணும்னான். எங்கிட்டயே வந்து! தரகர் இல்ல, தாய் தகப்பன் இல்ல, ஒரு தட்டுல வெத்தலை பாக்கு இல்ல. பஸ்ஸுக்கு வழி கேக்குற மாதிரி வந்து கேக்கான்.

அவுக வேற ஆளுக அண்ணாச்சி. புரியுதுல்லா? வேற ஆளுக. ஆனா ஒண்ணு சொல்லிக்கிடுறேன், நான் ஜாதியெல்லாம் பாக்குற ஆள் கிடையாது. எங் கடையில எல்லாரும் ஒரே சேர்லதான் உக்காருவாக. தொழிலு அப்படி. நான் பாக்குறது ஜாதகம் மட்டுந்தான். அவங்கிட்டயும் அதத்தான் சொன்னேன். தம்பி, எனக்கு வேற எந்த ஆட்சேபனையும் இல்ல, ஜாதகம் சேந்தா முடிச்சுருவோம்னேன். ஜாதகம் எழுதுனதில்லன்னான். அப்பவே எனக்கு ஒரு நிம்மதி. பிறந்த தேதி நேரம் தெரியுமான்னேன், ஆஸ்பத்திரியிலதான் பிறந்தேன் சார், எல்லாம் தெரியும்னு டக்குன்னு சொன்னான்.

எட்டுல போட்டேன். ஐயோன்னு ஆயிருச்சு. பத்துப் பொருத்தத்துல ஒண்ணே ஒண்ணு தவிர எல்லாம் வந்து நிக்கி. நான் காசு வாங்கிப் பாத்த ஜாதகத்துலகூட அப்படி ஒரு பொருத்தம் வந்ததில்ல. அவனுக்கும் தோஷம் இல்ல, இவளுக்கும் தோஷம் இல்ல. எனக்கு வேர்த்துருச்சு. பய எதுத்தாப்புல பள்ளிக்கூடத்துல உக்காந்திருக்கிற மாதிரி கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்.

கொஞ்சம் இருங்க தம்பின்னு அணைச்சேன். மேல தட்டினேன். அஞ்சுல எம் மக ஜாதகத்த மட்டும் போட்டேன். தோஷம். அந்தப் பேப்பரையும், எட்டுல எடுத்த அவன் பேப்பரையும் சேத்து வெச்சு அவன் முன்னால வெச்சேன். பாருங்க தம்பி, உங்களுக்குச் சுத்த ஜாதகம், எம் பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம். தோஷம் உள்ள பொண்ணத் தோஷம் இல்லாத பையனுக்குக் கட்டி வெச்சா பையன் உசுருக்கே ஆகாது. ஒரு தாய் பெத்த புள்ள நீங்க, உங்கள நான் காவு குடுக்கலாமான்னு கேட்டேன். உண்மையிலேயே அவன் நல்லதுக்குத்தான் கேட்டேன். எங் கண்ணே கலங்கியிருச்சு.

அவன் பேப்பரத் தொட்டுக்கூடப் பாக்கல. "உசுருக்கு ஒண்ணும் ஆகாது சார், நான் பாத்துக்கிடுறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான். எவ்வளவு திமிரு பாருங்க.

சாயந்திரம் அவ வந்தா. வந்ததும் வராததுமா, "அப்பா, எனக்குத் தோஷம்னு சொன்னீங்களாமே?"ன்னா.

"ஆமா."

"எனக்கு இல்லன்னுதான இத்தனை நாளும் குற்றாலம் மாமாகிட்ட குடுத்திருந்தீங்க?"

"இப்ப வந்திருக்கு."

அடுப்படியில இருந்து எம் வீட்டுக்காரி சிரிக்கா. "ஏங்க, செவ்வாயி வீடு காலி பண்ணிட்டு வந்திருச்சோ?"ன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு, சாப்பாட்டுத் தட்ட அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். பொம்பளைகளுக்குச் சாஸ்திரத்தப் பத்தி என்ன தெரியும்? மக சிரிக்கல. "நானும் தெனமும் ரிப்போர்ட்டு குடுக்கேன்ப்பா. சுகரு இருந்தா இருக்குன்னு எழுதுவேன். வந்தவுக மூஞ்சியப் பாத்து எழுதுறதில்ல"ன்னா. சுகரும் செவ்வாயும் ஒண்ணா? படிச்ச புள்ள பேசுற பேச்சா அது?

இனிமே தாமதிக்கக் கூடாதுன்னு குற்றாலத்த முடுக்குனேன். சிவகிரியில ஒரு எடம் கொண்டு வந்தாரு. வீரபாகுன்னு, ரைஸ்மில்லு வெச்சிருக்காரு. நம்ம ஆளுக. பையன் மில்லப் பாத்துக்கிடுதான். கொஞ்சம் திக்கிப் பேசுவான், அதனால என்ன, மில்லுச் சத்தத்துல யாரு பேசுறா? எல்லாம் கூடி வந்துச்சு. ஒரே ஒரு சிக்கல். வீரபாகு, "எங்க வீட்டுல வாக்கியந்தான்"னு சொல்லிட்டாரு. திருக்கணிதத்தத் தொட மாட்டாகளாம். நயினாரு பெட்டியில, எங் கண்ணு முன்னால, வாக்கியத்துல எடுத்துக் காட்டணும்னுட்டாரு.

வாக்கியம்னா அஞ்சு. அஞ்சுன்னா தோஷம். என்ன பண்ணுவேன்? யோசிச்சேன். சுவிட்சக் கீழ தட்டி எட்டுல போட்டுட்டு, இதுதான் வாக்கியம்னு சொன்னா யாருக்குத் தெரியப் போவுது? ரெண்டும் பாக்க ஒரே மாதிரி நீலக் கலருதான். இது பொய்யான்னா, பொய் இல்ல. திருக்கணிதமும் பெரியவுக வாக்கியந்தான? அந்த அர்த்தத்துல சொல்லலாம்ல.

அவுக வர்ற அன்னைக்குக் காலையில எம் மகதான் கடையத் தொறந்து, கூட்டி, பெட்டியத் தொடச்சு, சந்தனம் குங்குமம் எல்லாம் வெச்சா. ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுட்டு! நான் சொல்லவே இல்ல, அவளாத்தான் செஞ்சா. கையில ஸ்க்ரூ டிரைவரெல்லாம் வெச்சுக்கிட்டு, சுவிட்சு ஆடுதுப்பா, முடுக்கி விடுறேன்னு அதையும் சரி பண்ணுனா. அந்தச் சம்பந்தம் முடியணும்னு அவ்வளவு ஆசை அவளுக்கு. மனசு மாறிட்டான்னு நானே போயி அவளுக்கு ஒரு காபி வாங்கிட்டு வந்து குடுத்தேன்.

வீரபாகு, அவரு சம்சாரம், குற்றாலம் மூணு பேரும் வந்து உக்காந்தாக. சாமி கும்பிட்டுட்டுக் கீழ தட்டினேன். பெட்டி எந்திரிச்சுது. இது வாக்கியந்தானன்னு வீரபாகு கேட்டாரு. அக்மார்க் வாக்கியம்னேன். எம் மக தேதியப் போட்டேன். கர்ருபுர்ருன்னு பேப்பரு வந்துச்சு. நான் பாக்காமலே எடுத்து நீட்டிட்டேன், அவ்வளவு நம்பிக்கை. குற்றாலம் கண்ணாடிய மாட்டிக்கிட்டுச் சத்தமா வாசிக்காரு. வாசிச்சுக்கிட்டே வந்தவரு ஏழாம் வீட்டுக்கு வந்ததும் நிப்பாட்டிட்டாரு. "நயினாரு, செவ்வாயில்லாய்யா உக்காந்திருக்கு"ன்னாரு.

எட்டு போட்ட எடத்துல அஞ்சு வந்திருக்கு! அணைச்சுட்டு மறுபடியும் தட்டலாம்னா, அவுக முன்னால என்னத்தச் சொல்லித் தட்டுறது? வீரபாகு எந்திரிச்சாரு. எந் தோளுல கைய வெச்சாரு. "நல்ல எடந்தான் நயினாரே..."ன்னு ஒரு இழுவை இழுத்தாரு பாருங்க. "ஜாதகம் சேரலியே"ன்னாரு. காபியக் குடிச்சுட்டுச் சிரிச்ச முகத்தோட போயிட்டாக.

அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. அவரு ஜாதகத்துக்காகவா வேண்டாம்னாரு? வேற ஏதோ காரணம் இருக்கு. வீடு சின்னதா இருக்குன்னு நெனைச்சிருப்பாரு, இல்ல நான் போடுற நகை பத்தலன்னு நெனைச்சிருப்பாரு. ஜாதகம் சேரலன்னு ஒருத்தன் சொன்னா அத அப்படியே நம்புறதுக்கு நான் என்ன கேணப்பயலா? என் சர்வீஸ்ல எத்தனை பேரப் பாத்திருக்கேன். இப்படி மூஞ்சிக்கு நேரா ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போறதுக்கு மனசு எப்படித்தான் வருதோ மனுஷனுக்கு! அன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு. அவமானமாப் போச்சு.

பெறகு பாத்தா, சுவிட்சு தலைகீழா மாட்டியிருக்கு. மேல அஞ்சு இருக்க வேண்டியது கீழ இருக்கு. தங்கப்பழம் பண்ணுன வேலை. போன மாசம் ஃபேனு பாக்க வந்தவன் இதையும் நோண்டியிருக்கான். போயி நல்லாக் கேட்டுட்டு வந்தேன். நான் அந்தப் பெட்டியத் தொட்டு வருஷக்கணக்காச்சுன்னு சத்தியம் பண்ணுதான். எப்படி வாய் கூசாமப் பொய் சொல்லுதான் பாருங்க. அதுக்குப் பெறகு அவனோட பேசுறதே இல்ல.

என்ன அண்ணாச்சி, சிரிக்கிறீக? இல்ல, சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

சரி. ஊரு பூராவும், நயினாரு மகளுக்குத் தோஷம், தகப்பன் பெட்டியே சொல்லிருச்சுன்னு பரவிருச்சு. குற்றாலம் போனை எடுக்குறதில்ல. அப்ப ஒரு நாள் எம் மக கடைக்கு வந்து, ஆளுக வந்து உக்கார்ற சேர்ல உக்காந்தா. உக்காந்து கேக்கா:

"அப்பா, அன்னைக்கு அவரு வந்தப்ப, எனக்கு எதுல போட்டீங்க?"

"அஞ்சுல."

"அவருக்கு?"

"எட்டுல."

நானும் வேற யோசனையில இருந்தேன், கேட்டதும் சொல்லிட்டேன். நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு அவளே பெட்டியில உக்காந்தா. சின்ன வயசுல இருந்து பாத்தவதான, எல்லாம் தெரியும். முதல்ல ரெண்டு பேருக்கும் எட்டுல போட்டா. அவளுக்கும் தோஷம் இல்ல, அவனுக்கும் இல்ல. சேந்துருச்சு. அணைச்சுட்டு அஞ்சுல போட்டா. அவளுக்குத் தோஷம். அவனுக்கும் தோஷம்! அவன் செவ்வாயும் வாசப்படியிலதான் நின்னுருக்கு. தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சு, தாராளமாச் செய்யலாம்னு பெட்டியே போட்டிருக்கு.

"எந்தப் பக்கம் தட்டுனாலும் சேருது. ஆளுக்கு ஒரு பக்கம் தட்டுனாத்தான் சேர மாட்டேங்குது. ஏம்ப்பா?"ன்னா.

ரெண்டும் இதே பெட்டியில வந்ததுதான தாயின்னேன். தப்பா? நீங்களே சொல்லுங்க. வெளிப் பெட்டியிலயா போட்டேன்?

"நீங்க அவரு வேற ஆளுன்னு நேராச் சொல்லியிருந்தா, நான் சண்டையாவது போட்டிருப்பேன்"ன்னு சொன்னா. அழுதுட்டா. எனக்கும் தாங்கல. ஆனா நான் அப்படிச் சொல்ல முடியுமா? ஜாதி பாக்குறவன் மாதிரி ஆயிராதா?

அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "நாங்க முடிவு பண்ணிட்டோம். நீங்க நாளும் நேரமும் மட்டும் குறிச்சுக் குடுங்க"ன்னா. என்னைய! எங்கிட்டயே வந்து கேக்கா. வேற எந்த ஜோசியன்கிட்டயும் போக மாட்டாளாம், எங்கப்பா குறிச்ச நேரத்துலதான் கட்டிக்கிடுவேன்னு சொல்லுதா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஒரு மோசமான நேரத்தக் குறிச்சுக் குடுத்திருக்கலாம். ஒரு நிமிஷம் மனசுல வந்துச்சுதான், இல்லன்னு சொல்லல. ஆனா பெட்டிய முன்னால வெச்சு உக்காந்தா கை அப்படிப் போக மாட்டேங்குது. அஞ்சுல பாத்தேன், எட்டுல பாத்தேன். அஞ்சுல நல்லா இருக்குற நாளு எட்டுல இடிக்கி. எட்டுல நல்லா இருக்குறது அஞ்சுல இடிக்கி. ரெண்டுலயும் ஒரு பழுது இல்லாத நாளாத் தேடி, அணைச்சுத் தட்டி, தட்டி அணைச்சு, அந்தச் சுவிட்சு சூடேறிப் போச்சு. அப்படிப் பாத்துக் குறிச்ச நாளுதான் இன்னைக்கு. யாருக்கும் நான் அப்படிப் பாத்ததில்ல. அது தொழிலு சுத்தம், அவ்வளவுதான். பாசம் கீசம்னு நெனைச்சுக்கிடாதீக.

இன்னைக்கு விடியக்காலையிலயே எம் வீட்டுக்காரி பட்டுச்சேலை கட்டி, தலை நெறையப் பூ வெச்சு வந்து நிக்கா. "வர்றீகளா, இல்ல இந்தப் பெட்டியவே கட்டிக்கிட்டு இருக்கப் போறீகளா?"ன்னா. எனக்கு இன்னைக்குச் சந்திராஷ்டமம்டி, மத்தியானம் வரைக்கும் நல்ல காரியத்துல தலை காட்டக் கூடாது, நான் வந்தா அவுகளுக்குத்தான் ஆகாதுன்னேன். அவ மாலைப் பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

நெசமாத்தான் அண்ணாச்சி. எட்டுல போட்டுப் பாத்தேன், மத்தியானம் வரைக்கும் சந்திராஷ்டமம் இருக்கு.

அஞ்சுலயா? அஞ்சுல... விடியுமுன்னயே முடிஞ்சு போச்சு. அதுக்கென்ன இப்ப? எனக்கு எட்டுலதான் நம்பிக்கை.

மதுரையில ஒரு கடையில, இந்தப் பெட்டியிலயே மூணாவதா ஒண்ணு போட்டுத் தாறேன்னு சொல்லியிருக்கான். புது புரோகிராமாம். வாக்கியமும் இல்லாம திருக்கணிதமும் இல்லாம வேற ஒரு கணக்காம். அதுல ரெண்டு பேரு ஜாதகத்தையும் போட்டுப் பாக்கணும். ஏன்னா கேக்குறீக? கல்யாணம் முடிஞ்ச பெறகு பாத்து என்ன ஆகப் போவுதுன்னா? நான் சேராதுன்னு சொன்னேன்ல. பெத்த தகப்பன் சொன்னேன்ல. அஞ்சும் சேரும்னு சொல்லுது, எட்டும் சேரும்னு சொல்லுது. மூணாவதுலயாவது நான் சொன்னது சரின்னு வராதா? வந்தா அந்தப் பேப்பர மடிச்சு அவகிட்ட குடுத்துருவேன். வச்சுக்கோ தாயி, அப்பா பொய் சொல்லலன்னு சொல்லிட்டு, பெறகு அவன் வீட்டுக்கே போயி ஒரு வாய் காபி குடிப்பேன். எனக்கென்ன அவ மேல கோவமா? கோவம் இருந்தா இந்தக் கனத்த மடியில வெச்சுக்கிட்டு அலைவேனா?

அது சாத்தூரா? சாத்தூருதான் போல. மணி என்ன ஆகுது அண்ணாச்சி?

அப்படியா. அப்ப இன்னும் தாலி கட்டியிருக்க மாட்டான். அய்யரு இழுப்பாரு, கடைசி நேரத்துலதான் கட்டச் சொல்லுவாரு. தாரை வாக்குற எடத்துல தகப்பன் வேணும்பாக. எம் மச்சினன் இருக்கான், அவன் நிப்பான். அவன் நிக்கட்டும். அவனுக்குக் கை நடுங்கும், தண்ணியச் சிந்திருவான், பரவாயில்ல.

என்ன, எதுத்தாப்புல நிக்கிறது கோவில்பட்டி பஸ்ஸா? ஆமா. கெளம்பப் போவுது. ஏறுனா சாப்பாட்டுக்கு முன்னால போயிரலாம், தெரியும். இந்தப் பக்கத்துக்காரன்தான நானும்.

நீங்க எதுக்கு எந்திரிச்சு வழி விடுறீக? உக்காருங்க அண்ணாச்சி. பெட்டியப் பிடிக்க வேண்டாம், நானே வெச்சுக்கிடுறேன். உக்காருங்கங்கேன்ல. நான் மதுரைக்கு டிக்கெட்டு எடுத்திருக்கேன்.